மழைக்குத் தப்பிக் காற்றிடம் சிக்கும் கூரை

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழைநீர் தேங்கினால் அதன் எடை ஒரு கிலோ. வீட்டு முன்புறத்தில் கார் நிறுத்தும் போர்ச் ஆறு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 36 சதுர மீட்டர். அதன் தட்டையான கான்கிரீட் தளத்தில் வடிகுழாயின் வாயை இலைச்சருகு அடைத்துக்கொண்டு ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 1,800 கிலோ. கீழே நிற்கும் மைவி கார் ஏறத்தாழ ஒரு டன்தான். காரைவிடக் கனமான குளம் ஒன்று காரின் தலைக்கு மேல் நிற்கிறது.

மலேசியாவின் பேராக் மாநிலத்து லூமுட்டிலும் அதை ஒட்டிய ஸ்ரீ மஞ்சோங், சித்தியவான் தாமான்களிலும் இந்தக் குளங்களுக்குப் பஞ்சமில்லை. மாடி அறை ஜன்னலுக்குக் கீழே தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் போர்ச், இங்குள்ள இரட்டை மாடித் தொடர் வீடுகளில் எங்கும் காணக்கூடியது. கட்டிய புதிதில் ஒன்றும் தெரியாது. வருடங்கள் போனபின் அடியில் ஈரத்திட்டு தோன்றும், பெயிண்ட் உரியும், ஒரு நாள் சொட்டும். வீட்டுக்காரர் வாட்டர்புரூபிங் பூச்சு அடிப்பார். கொஞ்ச காலம் தாங்கிவிட்டு மறுபடி ஒழுகும். அப்போதுதான் கண்டிராக்டர் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொல்வார்: "பூச்சு அடிக்கிறதெல்லாம் வேலைக்கு ஆகாதுண்ணே. மேல சாய்வா ஒரு கூரை போட்டுட்டா கதை முடிஞ்சுது."

அவர் சொல்வதில் பாதி சரி. தண்ணீரின் கதை முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் அதே நாளில் காற்றின் கதை தொடங்கிவிடுகிறது. வேலை ஒப்புக்கொள்ளும்போது யாரும் பேசாத பாதி அது.

முதலில், தளம் ஏன் ஒழுகுகிறது? தட்டைக் கூரை என்று நாம் சொல்வது உண்மையில் தட்டையாக இருக்கக்கூடாத ஒன்று. பிரிட்டனின் தட்டைக் கூரைத் தரவிதி, கட்டி முடித்தபின் 80-க்கு 1 என்ற சரிவாவது மிஞ்ச வேண்டும் என்கிறது. அது மிஞ்ச வேண்டுமானால் வரைபடத்தில் 40-க்கு 1 என்று போடச் சொல்கிறது. நம் ஆறு மீட்டர் தளத்துக்கு அந்த வரைபடச் சரிவு 15 சென்டிமீட்டர் இறக்கம். பாதி எங்கே போகிறது என்றால், கொத்தனாரின் மட்டப்பலகைப் பிழையில் கொஞ்சம், தளத்தின் தொய்வில் மீதி. கான்கிரீட் கல்லைப் போலத் தோன்றினாலும் தொடர்ந்து சுமக்கும் எடைக்கு அது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வளைந்துகொடுக்கும். வார்ப்புப் பலகை பிரித்த அன்று ஏற்பட்ட தொய்வு காலப்போக்கில் இரண்டு, மூன்று மடங்காகலாம். நடுப்பகுதி தாழ்ந்துபோகும், ஓரத்தில் வைத்த வடிகுழாயோ இருந்த உயரத்திலேயே இருக்கும். பிறகு எந்த மழையும் முழுதாக வடியாது.

இதில் ஒரு விஷவட்டம் இருக்கிறது. தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. தேங்கிய தண்ணீரின் எடை மேலும் தொய்விக்கிறது. மேலும் தொய்ந்த பள்ளத்தில் மேலும் தண்ணீர். தடிமனான கான்கிரீட் தளம் விறைப்பானது என்பதால் இந்த வட்டம் சீக்கிரமே நின்றுவிடும். நீண்ட இரும்புச் சட்டங்கள் தாங்கும் தட்டைக் கூரையில் அது நிற்காமலே போகக்கூடும். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் கெம்ப்பர் அரங்கத்தின் பெருங்கூரை 1979 ஜூன் 4-ஆம் தேதி மழையில் இடிந்து விழுந்தது. நகரின் சாக்கடை நிரம்பிவிடக்கூடாது என்று அந்தக் கூரையிலிருந்து தண்ணீர் மெதுவாக வடியும்படிதான் அமைத்திருந்தார்கள். தேங்கிய நீர் ஒரு பக்கம். மறுபக்கம், ஆண்டுக்கணக்கில் காற்றில் அசைந்து அசைந்து களைத்துப்போன போல்ட்டுகள். தண்ணீரும் காற்றும் ஒரே கூரையில் கூட்டுச் சேர்ந்த கதை அது.

நம் போர்ச் இடிந்து விழுவதில்லை, ஒழுகுகிறது. அதற்குச் சூரியனும் காரணம். லூமுட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நான்கு டிகிரியைச் சற்றே தாண்டி இருக்கிறது. மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் அது வெகுதூரம் சாய்வதில்லை. ஆகவே இங்கே வீட்டின் சுவரைவிடக் கூரைதான் வெயிலை வாங்குகிறது. பிற்பகலில் கான்கிரீட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். அப்போது பார்த்து இடியோடு மழை கொட்டும். சில நிமிடங்களில் மேற்பரப்பு 25 டிகிரிக்கு இறங்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் கான்கிரீட் தன் நீளத்தில் லட்சத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பது பொதுக்கணக்கு. ஆறு மீட்டர் தளம் முழுதும் 35 டிகிரி குளிர்ந்தால் இரண்டு மில்லிமீட்டர். சின்னக் கணக்குத்தான். ஆனால் போர்ச் சுருங்கும்போது அது ஒட்டிக்கொண்டிருக்கும் வீடு சுருங்குவதில்லை. வீடு நிழலில் இருக்கிறது, போர்ச் வெயிலில் இருக்கிறது. இரண்டும் சேரும் மூலையில், நாள்தோறும் இழுத்தும் விட்டும், ஒரு கீறல் விழுகிறது. அந்தக் கீறலின் மேல் அடிக்கும் பூச்சு அதே இழுப்பில் கிழிகிறது. பூச்சு மட்டமானது என்று அதைத் திட்டிப் பயனில்லை. அசையும் இடத்தில் அசையாத பொருளைப் பூசியதுதான் தவறு.

கீறல் வழியே இறங்கும் நீர் என்ன செய்கிறது என்பதைப் பேராக்காரர்களுக்கு விளக்குவது எளிது. போர்ச்சின் அடியில் வெள்ளையாக ஊசி ஊசியாகத் தொங்குவதைப் பார்த்திருப்போம். ஈப்போ கல்லுமலைக் கோயிலைச் சுற்றியுள்ள குன்றுகளும், குனோங் ரப்பாட்டின் குகைக் கோயில்களும், கோப்பெங் அருகே உள்ள தெம்புரோங் குகையும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதே கால்சியம் கார்பனேட்தான் அந்த ஊசிகளிலும் இருப்பது. ஆனால் செய்முறை தலைகீழ். குகையில், கரியமில வாயு கலந்த நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு வந்து, சொட்டும்போது அந்த வாயுவை வெளியே விட்டுச் சுண்ணாம்பைப் படியவைக்கிறது. போர்ச்சில், நீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துக்கொண்டு வந்து, சொட்டும்போது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உள்ளே இழுத்துச் சுண்ணாம்பாக மாறுகிறது. ஹைட்ராக்சைடு நீரில் அதிகம் கரையும். அதனால்தான் குகையில் தலைமுறை தலைமுறையாக வளரும் ஊசி போர்ச்சில் சில ஆண்டுகளிலேயே வளர்ந்துவிடுகிறது. சிமெண்ட் ஆலைகள் கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றைச் சுட்டு அதிலிருந்து கரியமில வாயுவைத் துரத்துகின்றன. காற்று அதை மெல்லத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது.

அப்படித் திரும்பி வருவதில்தான் ஆபத்து. நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுப் படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. கரியமில வாயு உள்ளே போகப் போகக் காரம் குறைந்து ஒன்பதை ஒட்டி இறங்கும்போது படலம் கலைந்துவிடுகிறது. இந்த ஊடுருவல் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போகும்: ஒன்பது ஆண்டில் ஒரு சென்டிமீட்டர் போனால் இரண்டாவது சென்டிமீட்டரைக் கடக்க இன்னும் 27 ஆண்டு. கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் மூடியிருக்கிறது என்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து புரியும். இரண்டு சென்டிமீட்டர் மூட வேண்டிய இடத்தில் ஒன்று மூடினால் ஆயுள் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். லூமுட்டில் கடலுப்பும் சேர்கிறது. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்றில் குளோரைடு இருக்கிறது. காரம் குறையாவிட்டாலும் அது அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். துருப்பிடித்த இரும்பு தன் பழைய கொள்ளளவைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். காரின் கண்ணாடி மேல் சிமெண்ட் சில்லு விழுந்தால் அது இந்த வேதியியலின் கடைசிக் கட்டம்.

இப்படிப்பட்ட ஊரில் தட்டைக் கூரை எதற்கு வந்தது என்று கேட்கலாம். இந்த மண்ணின் பழைய கூரைகள் எல்லாமே சாய்வானவை. பேராக் மலாய்க்காரர்களின் ரூமா கூத்தாய் வீட்டுக்குச் செங்குத்தான கூரை. ஆயர் தாவார், சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நம்மவர்கள் குடியிருந்த லயங்களுக்கு முதலில் அத்தாப்பு ஓலை, பிறகு தகரம்; இரண்டும் சாய்வு. தட்டைக் கூரை என்பது காய்ந்த ஊர்களின் சொத்து. தமிழ்நாட்டில் மெட்ராஸ் டெரஸ் என்று ஒரு முறை இருந்தது: தேக்கு உத்தரங்களுக்கு மேல் சின்னச் செங்கற்களைச் சாய்கோணத்தில் நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் காரையும் செங்கல் ஜல்லியும் கொட்டி நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் காரையில் சேரும். அந்த மொட்டைமாடியில் வடகம் காய்ந்தது, ஆட்கள் படுத்துத் தூங்கினார்கள். அது நிலைத்ததற்குக் காரையின் தரம் மட்டும் காரணமில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக ஆயிரம் மில்லிமீட்டருக்கும் குறைவான மழை, அதில் பெரும்பங்கு சில மாதங்களில் பெய்து முடிந்துவிடும். மற்ற நாள்களில் தளம் காய்ந்து கிடக்கும். தீபகற்ப மலேசியாவின் சராசரி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். காய்வதற்கென்று ஒரு பருவமே இங்கே கிடையாது. மலேசியாவின் மேற்குக் கரையில் லூமுட் வட்டாரம் தைப்பிங்கைப் போல மழைக்குப் பேர்போனதல்ல என்றாலும், ஒரு தளம் ஊறிக்கொண்டே இருக்கப் போதுமான மழை உண்டு. லயத்துத் தகரத்தின் கீழ் வளர்ந்தவர்களுக்குச் சிமெண்ட் தளம் போட்ட வீடு ஒரு ஏற்றமாகத் தெரிந்தது இயல்புதான். தகரம் ஏழைக்கு, சிமெண்ட் வசதிக்கு என்ற கணக்கு இன்றும் பலர் மனத்தில் இருக்கிறது. மழையைப் பொறுத்தவரை அந்த லயத்துக் கூரைதான் புத்திசாலித்தனமானது.

சரி, சாய்கூரை போடுவது என்று முடிவாகிறது. பழைய தளத்தை இடித்துவிட்டுப் போடுவதா, அதன் மேலேயே போடுவதா? இடிக்க வேண்டும் என்று முதலில் தோன்றும். பெரும்பாலும் அது வேண்டாத வேலை, சில வேளைகளில் ஆபத்தான வேலை. போர்ச்சின் மேல்கம்பிகள் வீட்டுக்குள் மாடி அறையின் தளத்துக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒரு பக்கத்தின் எடை மறுபக்கத்தின் வளைவைச் சமன்செய்துகொண்டிருக்கும். இதைப் பொறியாளர் பார்க்காமல் இடித்தால் அறைக்குள் புதிய கீறல் வரக்கூடும். மேலேயே போட்டால் தளம் தப்பிக்கிறது. ஆனால் அது தப்பிக்கத் தகுந்த தளமா என்று முதலில் பார்க்க வேண்டும். சுத்தியலால் அடியிலிருந்து தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்துவிட்ட இடம் பொள்ளலாக ஒலிக்கும். பொள்ளல் ஒலி நிறைய இடத்தில் கேட்டால் மேலே கூரை போட்டு மறைப்பது சரியில்லை. மழை நின்றாலும் உள்ளே போய்விட்ட உப்பு போகாது. இந்த ஊரின் காற்றீரமே துரு தொடரப் போதும்.

மூன்றாவது வழியும் இருக்கிறது. சரிவை மட்டும் சரிசெய்வது. தளத்தின் மேல் சிமெண்ட் காரையைச் சரிவாக இட்டுப் புதிய நீர்க்காப்புத் தாள் விரிப்பது. கேட்க மலிவு. ஆனால் சராசரி ஐந்து சென்டிமீட்டர் காரை என்றாலே சதுர மீட்டருக்கு நூறு கிலோவைத் தாண்டும்; 36 சதுர மீட்டருக்கு மூன்றரை டன்னுக்கு மேல். தேங்கிய தண்ணீரை விரட்ட அதைப்போல் இரண்டு மடங்கு எடையை நிரந்தரமாக ஏற்றி வைக்கிறோம். எடை குறைந்த நுரைக் கான்கிரீட்டில் செய்தால் சரி, அல்லாவிட்டால் வேண்டாம்.

மேலே சாய்கூரை என்றால் அடுத்த தடை மாடி ஜன்னல். வீட்டுச் சுவரிலிருந்து தெருப்பக்கம் இறங்கும் ஒற்றைச் சாய்வுக் கூரையை எடுத்துக்கொள்வோம். ஆறு மீட்டர் ஆழத்துக்கு 25 டிகிரி சாய்வு கொடுத்தால் சுவர்ப்பக்கம் 2.8 மீட்டர் உயர வேண்டும். ஜன்னல் முழுதும் மறைந்துவிடும். 10 டிகிரி என்றால் 1.06 மீட்டர். ஜன்னலின் அடிக்கட்டை வழக்கமாக மாடித் தளத்திலிருந்து ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும், அதனால் இதுவும் இடிக்கும். 5 டிகிரி என்றால் 52 சென்டிமீட்டர், இதுதான் அடங்குகிறது. ஓடு போடலாம் என்ற ஆசை இங்கேயே போய்விடுகிறது. ஓடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காருபவை. இடுக்குகளைத் தண்ணீர் ஏறிக் கடக்காமல் இருக்க நல்ல சாய்வு தேவை, தயாரிப்பாளர்கள் ஏறத்தாழ 20 டிகிரியை ஒட்டியே குறைந்தபட்சம் சொல்வார்கள். சாய்வு குறையும்போது இரண்டு விஷயம் நடக்கிறது. ஈர்ப்புவிசை நீரைக் கீழே இழுப்பது பலவீனமாகிறது. நெருங்கிய இரண்டு பரப்புகளுக்கு இடையில் தந்துகிக் கவர்ச்சியால் நீர் மேல்நோக்கி ஊர்வதும், காற்று அதை உந்தித் தள்ளுவதும் அப்படியே இருக்கின்றன. எனவே 5 டிகிரிக்கு ஒரே வழி, மேலிருந்து கீழ் வரை நடுவில் ஒட்டே இல்லாத நீண்ட உலோகத் தகடு. தகடுகள் பக்கவாட்டில் சேரும் மடிப்பில் ஒரு சின்னப் பள்ளம் ஓடுவதைக் கவனித்தால் தெரியும். ஏறிவரும் நீரின் தொடர்ச்சியை அறுப்பதற்காக வைத்தது அது.

ஆக, கடைசியில் வந்து நிற்பது தகரம். லேசான தகரம், குறைந்த சாய்வு, மூன்று பக்கமும் திறந்த போர்ச். காற்றுக்கு இதைவிட நல்ல விருந்து இல்லை.

கணக்கைப் பாருங்கள். மலேசியாவின் காற்றுச்சுமைத் தரவிதியான எம்.எஸ். 1553, தீபகற்பத்தை இரண்டு மண்டலமாகப் பிரித்து, ஒன்றுக்கு வினாடிக்கு 33.5 மீட்டர், மற்றதற்கு 32.5 மீட்டர் என்று அடிப்படைக் காற்றுவேகம் தருகிறது. ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய, மூன்று வினாடி நீடிக்கும் வீச்சு அது. 33.5 மீட்டர் என்பது மணிக்கு 120 கிலோமீட்டர். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். இந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமம். 125 மில்லிமீட்டர் கான்கிரீட் தளத்தின் எடை சதுர மீட்டருக்கு 300 கிலோ. காற்று அதைத் தூக்க நினைக்கவும் முடியாது. அரை மில்லிமீட்டர் தகடோ ஐந்து கிலோவை ஒட்டி. சட்டங்களையும் சேர்த்தால் 15 என்று வைத்துக்கொள்ளலாம். தூக்குவிசை முழு 70 கிலோவாகச் செயல்பட்டால் மிச்சம் 55 கிலோ மேல்நோக்கி. 36 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு டன். நெருங்கிய வீடுகளுக்கு நடுவே காற்றின் வேகம் குறையும்; அதற்கான கழிவைத் தரவிதியே தருகிறது. கடலைப் பார்த்த கடைசி வரிசை வீட்டுக்கு அந்தக் கழிவு அவ்வளவு கிடைக்காது.

முன்பு 1,800 கிலோ கீழ்நோக்கி அழுத்தியது. இப்போது ஏறத்தாழ அதே அளவு மேல்நோக்கி இழுக்கிறது.

காற்று ஏன் தூக்குகிறது? கூரையின் விளிம்பில் மோதும் காற்று அதன் பரப்பை ஒட்டி வளையாமல் பிய்த்துக்கொண்டு மேலே பாய்கிறது. அதற்கும் தகட்டுக்கும் நடுவே அழுத்தம் குறைந்த சுழல் உண்டாகிறது. சாய்வு 30 டிகிரியைத் தாண்டினால் காற்று தன்னை எதிர்கொள்ளும் சரிவை அழுத்தத் தொடங்கும். 5, 10 டிகிரியில் அந்தத் துணை இல்லை, உறிஞ்சல்தான். ஓரங்களிலும் மூலைகளிலும் அது மிகக் கடுமை. திறந்த போர்ச் என்றால் அடியிலிருந்தும் தள்ளுகிறது: உள்ளே புகுந்த காற்று பின்னாலுள்ள வீட்டுச் சுவரில் முட்டி நின்று அழுத்தமாக மாறும். பழைய தளத்தை விட்டுவைப்பதில் உள்ள பெரிய லாபம் இங்கேதான் என்பது என் கருத்து. அது அடியிலிருந்து வரும் தள்ளலைத் தடுக்கிறது. அதோடு கூரையைக் கட்டிவைக்கப் பத்து டன்னுக்கு மேற்பட்ட நங்கூரமாகவும் நிற்கிறது. தளத்தை இடித்துவிட்டு வெறும் இரும்புத் தூணில் தகரம் போடுபவர் இந்த இரண்டையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. தென்மேற்குப் பருவத்தில், மே முதல் செப்டம்பர் வரை, மலாக்கா நீரிணைக்கு மேல் இரவில் உருவாகும் இடிமேக வரிசைகள் விடியற்காலையில் மேற்குக் கரையில் ஏறும். மாலுமிகள் வெகுகாலமாகச் சுமத்ரா என்று அழைக்கும் புயல்வீச்சு அது. மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும் காற்று சில நிமிடங்களுக்குள் எழும். பங்கோர் தீவு லூமுட்டுக்கு ஓரளவு மறைப்புத் தருகிறது. தெலுக் பாத்திக் பக்கம் போனால் கடல் திறந்துதான் கிடக்கிறது. இடைப்பருவ மாதங்களில் பிற்பகல் இடிமழைக்கு முன்னால் மேகத்திலிருந்து விழுந்து தரையில் பரவும் குளிர்காற்று வேறு. கூரை பறந்த செய்தி நாளிதழில் வராத ஆண்டு இங்கே இல்லை.

பறக்கும் கூரையில் தகடு கிழிவதைவிட இணைப்பு அறுவதுதான் வழக்கம். தகட்டிலிருந்து திருகாணி, திருகாணியிலிருந்து குறுக்குச் சட்டம், அதிலிருந்து கைச்சட்டம், தூண், தூணின் அடித்தகடு, நங்கூர போல்ட், தளத்தின் உத்தரம் என்று விசை கைமாறிக்கொண்டே தரைக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு கை வலுவற்றிருந்தால் மற்றவை எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை. 1974 கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை டிரேசி புயல் தாக்கியபோது பெரும்பாலான வீடுகள் பாழாயின. பிறகு ஆராய்ந்த பொறியாளர்கள், தகரங்கள் ஒரே வீச்சில் பிய்ந்ததைக் காட்டிலும், காற்றின் ஏற்ற இறக்கத்தில் மறுபடி மறுபடி வளைந்து, திருகாணியைச் சுற்றிக் களைப்புக் கீறல் விழுந்து, துளை பெரிதாகித் திருகாணித் தலையை விட்டுக் கழன்றதைக் கண்டார்கள். தகட்டுக் கூரையைச் சோதிக்கும் விதமே அதன்பின் மாறியது. ஒரே ஒரு முறை இழுத்துப் பார்ப்பது போதாது, ஆயிரக்கணக்கான முறை இழுத்து விட வேண்டும் என்றானது.

நம் போர்ச்சுக்கு இதன் பொருள்: ஓரத்திலும் மூலையிலும் திருகாணிகள் நெருக்கமாக இருக்க வேண்டும், நடுவில் உள்ள இடைவெளியை அங்கே வைக்கக்கூடாது. தூண்கள் தளத்தின் நடுவே நிற்கக்கூடாது, அடியில் உத்தரம் ஓடும் கோட்டின் மேல் நிற்க வேண்டும். நங்கூர போல்ட்டைத் தளத்தின் விளிம்புக்கு மிக அருகில் துளையிட்டால் இழுப்பில் விளிம்பே பெயர்ந்து வரும். பொள்ளலாக ஒலித்த இடத்தில் போட்டால் கையோடு வரும். கண்டிராக்டரிடம் கூரையின் நிறத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறோம். போல்ட்டின் நீளத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை.

தகட்டின் மேல்பூச்சிலும் கடல் குறுக்கிடுகிறது. இப்போது பரவலாகக் கிடைக்கும் தகடு வெறும் துத்தநாகம் பூசியதல்ல. எடையில் 55 சதவீதம் அலுமினியம், 43.4 சதவீதம் துத்தநாகம், 1.6 சதவீதம் சிலிக்கான் கலந்த பூச்சு. அலுமினியம் கவசமாக நிற்கும். கீறல் விழுந்த இடத்தில் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். இதிலொரு வேடிக்கை: மழை நனைக்கும் மேற்பரப்பைவிட மழை படாத அடிப்பரப்பும் இறவாரத்தின் உட்புறமும்தான் கடற்கரையில் முதலில் துருப்பிடிக்கும். மேலே படிந்த உப்பை ஒவ்வொரு மழையும் கழுவிவிடுகிறது. அடியில் படிந்ததைக் கழுவ யாருமில்லை. எப்போதாவது தோட்டக்குழாயால் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுவது ஒரு டின் பெயிண்டைவிடப் பலன் தரும். ஈரச் சிமெண்ட் இந்தப் பூச்சை அரிக்கும்; ஏர்கண்டிஷனரின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் நீரும் அரிக்கும். வெல்டு வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோயிருக்கும், அங்கே துத்தநாகம் கலந்த பெயிண்டை உடனே தடவாவிட்டால் துரு தொடங்கும்.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாக. கான்கிரீட் வெயிலை வாங்கி மூன்று மணி நேரம் போலத் தாமதித்துக் கீழே விடும். அதனால்தான் அந்தி சாய்ந்தும் போர்ச் தகிக்கும். தகடு தாமதிக்காது, 65 டிகிரிக்குச் சூடான தகடு, 35 டிகிரியில் இருக்கும் கீழ்ப்பரப்பை நோக்கிச் சதுர மீட்டருக்கு 200 வாட்டுக்கு மேல் கதிர்வீச்சாகக் கொட்டும். அடியில் பளபளப்பான அலுமினியத் தாள் ஒட்டினால் அது பத்துச் சொச்சம் வாட்டாகச் சுருங்கிவிடும். பழைய தளம் கீழே இருந்தால், நடுவே காற்று ஓடும் இடைவெளியும் அந்தத் தாளும் சேர்ந்து மாடி அறையைக்கூடக் குளிர்விக்கும். மழைச் சத்தம் தொல்லைதான். கனிமப் பஞ்சு வைத்தால் குறையும்.

இனி ஓடிப்போன தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். இடிமழை சில நிமிடங்களுக்கு மணிக்கு 150 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டினால், 36 சதுர மீட்டர் கூரையிலிருந்து நிமிடத்துக்கு 90 லிட்டர் வரும். தட்டைத் தளத்தில் இது மெல்ல வடிந்தது, சாய்கூரையில் ஒரே பாய்ச்சலாக இறங்கும். ஓரத்துக் கட்டரும் இறங்குகுழாயும் அதைத் தாங்காவிட்டால் தண்ணீர் அண்டை வீட்டுக்காரர் முற்றத்தில் விழும், பிறகு பேச்சு வளரும். ஆகவேதான் தொடர் வீட்டில் இருபக்கமும் இறங்கும் முகட்டுக் கூரையைவிடத் தெருப்பக்கம் இறங்கும் ஒற்றைச் சாய்வு நல்லது. கட்டருக்கும் சரிவு வேண்டும். சரிவில்லாத கட்டரில் ஒரு வாரம் நிற்கும் நீர் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்கப் போதுமானது. கொசு வளர விடுவது 1975-ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றம். கூரை மாற்றத்துக்கே 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டட உபவிதிகளும் பொருந்தும். வேலை தொடங்கும் முன் மஞ்சோங் நகராண்மைக் கழகத்தில் வரைபடத்தைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும்.

புதிய கூரை ஒழுகினால் பெரும்பாலும் ஒழுகுவது தகட்டில் அல்ல, தகடு வீட்டுச் சுவரைத் தொடும் கோட்டில். சுவரின் மேல் தகட்டை மடித்துப் பசை தடவி விடுவது வழக்கம். பசை பிடித்திருப்பது சுவரையல்ல, சுவரின் பெயிண்டை. பெயிண்ட் உரியும்போது பசையும் கூடவே வரும். சுவரில் ஒரு கோடு வெட்டி, அதற்குள் ஒரு மூடுதகட்டைச் செருகி, அது கீழ்த்தகட்டின் மேல் தொங்கும்படி விட வேண்டும். இரண்டையும் ஒட்டக்கூடாது, வெயிலில் தகடு நீளும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்க இடம் வேண்டும். ஆறு மீட்டர் எஃகு 35 டிகிரிக்கு இரண்டரை மில்லிமீட்டர் நீளும். கான்கிரீட்டைவிடச் சற்று அதிகம். முதல் தென்மேற்குப் பருவம் முடிந்ததும், அக்டோபர் மழை தொடங்குவதற்குள், ஒருவரை மேலே ஏற்றி ஓரத்துத் திருகாணிகளைப் பார்க்கச் சொல்லலாம். ரப்பர் வாஷர் நசுங்கி ஒரு பக்கம் பிதுங்கியிருந்தால் அந்த ஆணி சாய்வாக இறங்கியிருக்கிறது. அதைக் கழற்றி, துளைக்கு ஒரு அளவு பெரிய ஆணியை நேராக இறக்க வேண்டும்.